ஸ்டேட் தெருவில் ஒரு பூக்கடை

ஞாயிறு

சிகாகோவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் இரண்டு பெயர்களைத்தான் சொன்னார்கள். வயதில் மூத்தவர்கள் விவேகானந்தர் என்றார்கள், மற்றவர்கள் அந்தக் காலக் கள்ளச் சாராயக் கும்பல் தலைவன் அல் கபோன் என்றார்கள். நான் வந்திருப்பது மூன்றாவது ஆள் ஒருவருக்காக. பெயர் டீன் ஓபானியன். 1920களின் தொடக்கத்தில் இந்த நகரத்தின் வடபகுதியில் கள்ளச் சாராய வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தவர். ஊருக்குத் தெரிந்த தொழில் பூக்கடை. 32 வயதில் அந்தப் பூக்கடைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில ஆண்டுகள் சிகாகோவில் தெருத்தெருவாக நடந்த கும்பல் சண்டைக்கு அந்தக் கொலைதான் பிள்ளையார் சுழி.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் அக்கா மகன் குடைந்துகொண்டே வந்தான். “மாமா, இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், அருங்காட்சியகம் பார்ப்பார்கள். நீங்கள் ரவுடியின் சமாதியைப் பார்க்க வந்திருக்கிறீர்களே!” வேலையில் இருந்த காலம் முழுவதும் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். ஓபானியன் தன் தொழிலைப் பழகியது பத்திரிகை விநியோகத்தில். அதைப் படித்த நாளிலிருந்து இந்த ஆள்மேல் எனக்கு ஒரு கண். அவனிடம் அப்படிச் சொன்னேன். “உங்கள் இஷ்டம். ஆனால் அம்மாவிடம் ஏரி பார்த்ததாகச் சொல்லிவிடுங்கள்” என்றான்.

இறங்கிய விமான நிலையத்தின் பெயரிலேயே இந்த ஊரின் குணம் தெரிந்துவிடுகிறது. எட்வர்டு ஓஹேர் என்ற வழக்கறிஞர் கபோனுக்கு நாய்ப் பந்தய வியாபாரத்தைப் பார்த்துக்கொடுத்தவர். பிறகு கபோனின் வருமான வரி வழக்கில் அரசுக்குத் துப்புக் கொடுத்தார். 1939 நவம்பரில், கபோன் விடுதலையாவதற்குச் சில நாட்கள் முன்பு, காரில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மகன் புட்ச் ஓஹேர் கடற்படை விமானி. இரண்டாம் உலகப் போரில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்று, 1943இல் போரிலேயே இறந்தார். 1949இல் விமான நிலையத்துக்கு வைத்தது மகனின் பெயரை. ஆனாலும் வந்து இறங்குகிறவர்கள் வாயில் அப்பாவின் பெயரும் சேர்ந்துதான் வருகிறது.

தூக்கம் கண்ணைக் கட்டுகிறது. நாளை ஸ்டேட் தெரு.

திங்கள்

சிவப்புத் தட மெட்ரோவில் சிகாகோ அவென்யூ நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் ஸ்டேட் தெரு. தெற்கே கொஞ்சம் நடந்தால் ஹோலி நேம் பேராலயம். 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பழைய ஆலயம் எரிந்துபோனதும் புதிதாகக் கட்டி 1875இல் திறந்தார்கள். தெருவின் மறுபுறம், ஏறக்குறைய ஆலய வாசலுக்கு நேர் எதிரே, 738ஆம் எண்ணில் இருந்தது ஸ்கோஃபீல்டு பூக்கடை. அதில் ஓபானியன் பங்குதாரர். கடைக்கு மேல் அறைகளில் கும்பலின் ஜாகை.

இப்போது அந்த முகவரியில் கடையும் இல்லை, கட்டடமும் இல்லை. 1960இல் இடித்தார்கள். நெடுங்காலம் ஆலயத்தின் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. அண்மையில் அந்த மொத்தப் பிளாக்கையும் வளைத்து 76 மாடிக் கோபுரம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பெயர் ‘ஒன் சிகாகோ’. அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கிறது. இங்கே இன்னது நடந்தது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை. நகராட்சியின் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் பலகை இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாகிவிடுகிறது. அதை வைத்து ஒரு சுற்றுலாத் தொழிலே நடக்கிறது.

ஓபானியனுக்குப் பூக்கடை வெறும் முகமூடி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படித் தோன்றவில்லை. மாலை கட்டுவதிலும் கொத்து அடுக்குவதிலும் அவருக்கு உண்மையான ஆசை இருந்தது என்பதை அவரைப் பிடிக்காதவர்களே சொல்லியிருக்கிறார்கள். வருமானமும் நன்றாகவே வந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் சிகாகோ கும்பல்களில் யார் செத்தாலும் பெரிய பெரிய மலர் வளையங்கள் அனுப்புவது மரியாதை. கொன்றவனும் அனுப்புவான். ஆர்டர் பெரும்பாலும் இந்தக் கடைக்குத்தான். ஒரு கையால் பிணத்தையும் மறு கையால் மாலையையும் வழங்கிய வியாபாரம் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த நாள் 1924 நவம்பர் 10. இரண்டு நாள் முன்பு மைக் மெர்லோ புற்றுநோயில் இறந்திருந்தார். சிசிலியர் சங்கத்தின் தலைவர். கும்பல்களுக்கு நடுவே கைகலப்பு வராமல் பார்த்துக்கொண்டவர். ஓபானியனைத் தீர்த்துவிட வேண்டும் என்று மற்றவர்கள் கறுவிக்கொண்டிருந்தபோது, கூடாது என்று தடுத்து வைத்திருந்தவரும் அவர்தான். தடுத்தவர் போய்விட்டார். அவருடைய இறுதிச் சடங்குக்கான பூ ஆர்டர்களோ குவிந்துகொண்டிருந்தன. எதிர்க் கும்பலின் தலைவர் ஜானி டோரியோ பத்தாயிரம் டாலருக்கும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கபோன் எட்டாயிரத்துக்கும் சொல்லியிருந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கணக்கு.

முற்பகலில் மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். ஓபானியன் சாமந்திக் காம்புகளை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தரி இடது கையில். மெர்லோவின் பூக்களுக்காகவா வந்தீர்கள் என்று கேட்டபடி வலது கையை நீட்டினார். வந்தவர்களில் ஒருவன் அந்தக் கையைப் பற்றினான், விடவில்லை. மற்ற இருவர் சுட்டார்கள். மார்பில், தொண்டையில், கடைசியாகத் தலையில். உதிர்ந்த இதழ்களைப் பெருக்கிவிட்டுப் பின்பக்கம் போயிருந்த கடை ஊழியர்தான் நமக்குக் கிடைத்த சாட்சி. கை குலுக்கியவன் நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி யேல் என்றும், சுட்டவர்கள் அன்செல்மியும் ஸ்காலிசியும் என்றும் போலீஸ் நம்பியது. நம்பிக்கையோடு சரி. கடைசிவரை யார்மீதும் வழக்கு நிற்கவில்லை. உடுப்பில் தனியாகப் பைகள் தைத்து மூன்று துப்பாக்கிகள் வைத்திருப்பார் என்று பெயர் வாங்கியவரை, ஒன்றையும் எடுக்கவிடாமல் முடித்துவிட்டார்கள்.

வரலாறு இந்தத் தெரு முனையை அதோடு விடவில்லை. ஓபானியனுக்குப் பிறகு கும்பலுக்குத் தலைமை ஏற்ற ஹைமி வைஸையும் இங்கேயே கொன்றார்கள். 1926 அக்டோபர் 11. பூக்கடைக்குப் பக்கத்து வீட்டில் அறை எடுத்துக் காத்திருந்தவர்கள், அவர் தெருவைக் கடக்கும்போது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டுகள் ஆலயத்தின் மூலைக்கல்லிலும் பட்டு, இயேசுவின் பெயருக்கு எல்லா முழங்கால்களும் முடங்க வேண்டும் என்ற வேத வசனத்தில் பல எழுத்துகளைப் பெயர்த்துவிட்டன. பிற்காலத்தில் ஆலயம் அந்தச் சேதத்தைச் சரிசெய்துவிட்டது. அப்படியும் நான் நின்ற அரை மணி நேரத்துக்குள் இரண்டு குழுக்கள் வந்து கல்லைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போயின.

உள்ளே போனேன். சிறுவனாக ஓபானியன் இங்கே பாடகர் குழுவில் பாடியிருக்கிறான். நல்ல குரலாம். பலிபீடத்துக்கு முன் நின்று மேலே பார்த்தால், கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் சில தட்டைத் தொப்பிகள் தெரிகின்றன. அகன்ற விளிம்பு, நிறம் மங்கிய சிவப்பு, பக்கவாட்டில் குஞ்சங்கள். சிகாகோவில் பேராயராக இருந்து இறந்த கர்தினால்களின் தொப்பிகள் அவை. தானாக இற்று விழும்வரை தொங்கவிடுவது மரபாம். அவற்றில் பழையது கர்தினால் மண்டலைனுடையது. ஓபானியனுக்குத் திருச்சபைச் சடங்கு கிடையாது என்று மறுத்த மறைமாவட்டம் அவருடையது. பாட வந்த பையனுக்கு இடம் கொடுத்த கூரையில், அவன் பிணத்துக்கு இடம் மறுத்தவரின் தொப்பி. வெகுநேரம் அண்ணாந்தபடியே இருந்ததில் பக்கத்து இருக்கைப் பெண்மணியும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்து எதிர்ப்புறக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மளிகைக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். விலையைப் பார்த்தபோது கொள்ளையடிப்பதில் ஓபானியன் ஒன்றும் பெரிய ஆளில்லை என்று தோன்றியது.

செவ்வாய்

இன்று ஓபானியன் வளர்ந்த பகுதியைத் தேடிப் போனேன். அவர் பிறந்தது 1892 ஜூலையில், இலினாய் மாநிலத்தின் நடுவே மரோவா என்ற சிற்றூரில். தாய் காசநோயில் இறந்த பிறகு, 1901 வாக்கில், தகப்பன் பிள்ளைகளோடு சிகாகோ வந்தார். வந்து சேர்ந்த பேட்டைக்கு ‘குட்டி நரகம்’ என்று பெயர். ஆற்றோரத்தில் நிலக்கரி வாயு ஆலை இருந்தது. இரவெல்லாம் அதன் உலைகளிலிருந்து தீ நாக்கு வானத்தில் தெரியுமாம். அயர்லாந்துக்காரர்களுக்குப் பிறகு சிசிலியர்கள் வந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு அங்கே குடியிருப்பு கட்டியது. அது வளர்ந்து கப்ரினி-கிரீன் என்ற அடுக்குமாடி வரிசையாகி, வறுமைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நாடு முழுக்கப் பெயர் பெற்றது. கடைசி அடுக்குமாடியை 2011இல் இடித்தார்கள். இப்போது நடந்தால் செங்கல் பழுப்பேறாத புது வீடுகள், நாயோடு ஓடும் இளைஞர்கள், பாதி அடைத்துக் கிடக்கும் பழைய வரிசை வீடுகள் சில. நூறு வருடத்தில் ஒரே இடத்தை இத்தனை முறை துடைத்து எழுதிய நகரம் வேறு உண்டா தெரியவில்லை.

நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிகாகோவில் நாளிதழ்களுக்குள் விற்பனைப் போர் நடந்தது. போர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருபுறம் ட்ரிப்யூன், மறுபுறம் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் பத்திரிகைகள். தெரு முனைக் கடைக்காரன் எங்கள் பத்திரிகையை முன்னால் அடுக்க வேண்டும், எதிரியின் கட்டைப் பிரிக்கவே கூடாது. மறுத்தால் அடி. பத்திரிகை வண்டிகளைக் கவிழ்த்தார்கள், கட்டுக் கட்டாக ஆற்றில் எறிந்தார்கள், சுட்டார்கள், சிலர் செத்தும் போனார்கள். இதற்கென்று பத்திரிகைகள் சம்பளம் கொடுத்து அடியாட்கள் வைத்திருந்தன. மார்க்கெட் தெருக் கும்பல் என்ற பையன்கள் கூட்டத்தில் ஓபானியனும் ஒருவன். முதலில் ட்ரிப்யூனுக்கு அடித்தார்கள். கூடுதல் கூலி கிடைத்ததும் ஹெர்ஸ்டின் எக்ஸாமினர் பக்கம் போய் அடித்தார்கள். அந்தப் பக்கத்தில் விநியோகத்தைக் கவனித்தவர் மோசஸ் அன்னன்பெர்க். அவர் மூலமாகத்தான் இரும்புப் பெட்டி உடைப்பதில் தேர்ந்த ஒருவரிடம் இந்தப் பையன்களுக்கு அறிமுகம் கிடைத்தது என்கிறார்கள்.

எங்கள் ஊரிலும் விடியற்காலை பஸ் நிலையத்தில் பார்சல் கட்டுகளைச் சுற்றி ஏஜென்டுகள் முட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். யாருடைய கட்டு முதலில் ஏறும் என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அதோடு முடிந்துவிடும். இங்கே அதே சண்டையைக் கம்பியும் துப்பாக்கியும் கொடுத்து நிர்வாகமே நடத்தியிருக்கிறது. மதுவிலக்கு வருவதற்குப் பத்து வருடம் முன்பே, ஒரு கடைக்காரனை எப்படி மிரட்டுவது, எல்லையை எப்படிப் பிரிப்பது, வண்டியை எங்கே மறிப்பது என்ற எல்லாப் பாடத்தையும் இந்தப் பையன்கள் படித்து முடித்துவிட்டார்கள். 1920 ஜனவரியில் சாராயம் சட்டவிரோதமானபோது சரக்கு மட்டும்தான் மாறியது. நாளிதழுக்குப் பதில் பீர்.

நடுவில் உணவு விடுதி ஒன்றில் பாடிக்கொண்டே பரிமாறும் வேலையும் செய்திருக்கிறார். உருக்கமான அயர்லாந்துப் பாட்டைக் கேட்டுக் குடிகாரர்கள் கண் கலங்கும் நேரத்தில் கூட்டாளிகள் பாக்கெட்டைத் துழாவுவார்களாம். 1909ஐ ஒட்டி இரண்டு முறை சிறை. அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு நாள்கூடத் தண்டனை அனுபவித்ததில்லை. சிறுவயதில் டிராம் வண்டியில் அடிபட்டு இடது கால் குட்டையாகி, தாங்கித் தாங்கி நடப்பார். அடையாளம் சொல்ல இதைவிட எளிதான ஆள் கிடைக்காது. ஆனாலும் அடையாளம் சொல்ல ஒருவரும் வரவில்லை.

பிற்பகல் நகர மைய நூலகத்தில், நுண்படச் சுருளில் 1924 நவம்பர் நாளிதழ்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கண் சுழல்கிறது. முதல் பக்கம் முழுக்க ஓபானியன். அவர் பெயரைப் பத்திரிகைகள் ‘டியான்’ என்று எழுதின. அயர்லாந்து வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சார்லஸ் டீன். சிகாகோவின் தலைமைக் குற்றவாளி, 25 கொலைகளுக்காவது பொறுப்பு என்று போலீஸ் தலைவர் மார்கன் காலின்ஸ் சொன்னது இன்றுவரை எல்லாப் புத்தகத்திலும் தொடர்கிறது. நிரூபித்த கொலை எத்தனை என்று பார்த்தால் பூஜ்யம். ஓர் உதவி ஆசிரியனாக எனக்கு அந்த ‘25’ உறுத்துகிறது. யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த பழைய அடியாள் என்ற வரியை அந்தப் பக்கங்களில் நான் பார்த்தவரை எங்கும் காணோம்.

புதன்

காலையிலிருந்து மழை. ஏரிக் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. ஒரு சுற்றுலா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கோடு போட்ட கோட்டும் சாய்த்து வைத்த தொப்பியுமாக ஒரு வழிகாட்டி. ஒலிபெருக்கியில் துப்பாக்கிச் சத்தம் வேறு. நிறுவனத்தின் பெயர் எதற்கு? பத்து நிமிடத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

ஓபானியன் ஏழைகளுக்கு மளிகை வாங்கிக் கொடுத்தார், விபச்சார விடுதி நடத்த மறுத்தார், குடிக்கமாட்டார், மனைவி வயோலாவைத் தவிர வேறு பெண்ணை ஏறிட்டும் பார்க்கமாட்டார் என்று அடுக்கினார் வழிகாட்டி. இருக்கலாம். 1924 ஜனவரியில் ஒரு நாடக அரங்கின் முகப்பில், ஜனங்கள் நடுவே, டேவி மில்லர் என்பவரை அதே ஏழைபங்காளன் வயிற்றில் சுட்டதை அவர் சொல்லவில்லை. மில்லர் பிழைத்தார், வழக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலையொட்டி ஓபானியனைக் கொண்டாட ஒரு விருந்து நடந்து, போலீஸ் துப்பறியும் பிரிவின் தலைவரே அதில் உட்கார்ந்து சாப்பிட்டதையும் சொல்லவில்லை. 42, 43ஆம் வார்டுகள் யார் கையில் என்று கேட்டால், ஓபானியனின் துப்பாக்கிப் பையில் என்று ஊர் சிரித்த காலம் அது. இத்தனை தெளிவாகத் தெரிந்திருந்தும் அவரை ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு அந்தச் சாப்பாட்டு மேசையே பதில்.

கிளார்க் தெரு 2122ஆம் எண்ணுக்கு முன் பஸ் நின்றது. 1929 காதலர் தினத்தன்று ஓபானியன் கும்பலின் மிச்சத்தைச் சேர்ந்தவர்களையும் அன்று அவர்களோடு இருந்தவர்களையும் சுவரோரம் நிறுத்திக் கொன்ற கராஜ் இருந்த இடம். செத்த ஏழு பேரில் ஒருவர் கார் மெக்கானிக், ஒருவர் கண்ணாடி விற்பவர். இப்போது புல்தரை, நாலு மரம். சுவரின் செங்கற்களைக் கனடாக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். அவற்றில் பல இப்போது லாஸ் வேகாஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மாலை அக்கா மகன் அப்டவுனில் இருக்கும் கிரீன் மில் இசை விடுதிக்கு அழைத்துப் போனான். இரண்டு வாசலையும் பார்க்க வசதியான மூலை இருக்கை கபோனுடையதாம். ஜாஸ் அருமை. இருக்கை சாதாரண இருக்கை.

வியாழன்

மேற்கே ஹில்சைடு என்ற புறநகர். ரூஸ்வெல்ட் சாலையை ஒட்டி மவுண்ட் கார்மல் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம். மழை விட்டு நல்ல வெயில். அக்கா மகன் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வண்டி ஓட்டினான். “பரவாயில்லை மாமா, ரவுடிகள் இங்கே அமைதியாகத்தான் இருக்கிறார்கள்” என்றான், கேட்டைத் தாண்டும்போது.

முதலில் கபோனைப் பார்த்துவிடலாம் என்று அவனுக்கு ஆசை. வாசலுக்குப் பக்கத்திலேயே, புதர்களுக்கு நடுவில். தரையோடு தரையாக ஒரு கல். பெயர், 1899 – 1947, அடியில் ‘என் இயேசுவே, இரக்கம்’. கல்மேல் சில்லறைக் காசுகள், பாதி சுருட்டு, விரல் நீளச் சாராய பாட்டில், யாரோ வைத்த சிவப்பு ரோஜா. ஃபுளோரிடாவில் இறந்தவரை முதலில் வேறொரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, கூட்டத் தொல்லையால் 1950இல் இங்கே மாற்றினார்கள். தொல்லையும் கூடவே வந்துவிட்டது.

ஓபானியன் உள்ளே, ஆயர்களின் நினைவு மண்டபம் இருக்கும் மேட்டுக்குப் பக்கம். உயரமான கூர்நுனித் தூண், அடியில் குடும்பப் பெயர். அங்கே காசும் இல்லை, சுருட்டும் இல்லை. ஓர் அணில் மட்டும் ஓடியது.

இந்த இடத்தை அவர் அடைந்த கதை இருக்கிறதே, அதுதான் கதை. கொலைக்கு நான்கு நாள் கழித்து இறுதி ஊர்வலம். வெள்ளியும் வெண்கலமும் இழைத்த பத்தாயிரம் டாலர் சவப்பெட்டி ரயிலில் வந்தது. 26 லாரி பூ. பத்தாயிரம் பேர் பின்னால் வந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. டோரியோவும் கபோனும் வந்து நின்றார்கள். ‘அல்’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு ஒரு கூடை ரோஜா இருந்ததாகச் சொல்வார்கள். எதிர்ப்புறம் ஓபானியனின் கூட்டாளிகள் வைஸும் பக்ஸ் மோரனும் டிரூச்சியும். யார் கொல்லச் சொன்னது என்று தெரிந்தவர்களும் சொன்னவர்களும் ஒரே குழியைச் சுற்றி நின்று குனிந்திருக்கிறார்கள்.

பகை எங்கே முற்றியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டோரியோ நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்து வியாபாரத்தைச் சச்சரவில்லாமல் நடத்தப் பார்த்தவர். டோரியோ பக்கம் இருந்த ஜென்னா சகோதரர்கள் எல்லை தாண்டி வடக்கே மலிவுச் சாராயம் விற்றார்கள். ஓபானியன் முறையிட்டார், பலனில்லை. அவர்களுடைய லாரியை மடக்கினார். பிறகு டோரியோவிடம், எனக்கு இந்தத் தொழிலே வேண்டாம், சீபன் மதுவடிசாலையில் என் பங்கை ஐந்து லட்சம் டாலருக்கு எடுத்துக்கொள் என்றார். டோரியோ பணம் கொடுத்தார். 1924 மே 19 விடியற்காலை போலீஸ் அங்கே புகுந்தது. சோதனை வரப்போவது ஓபானியனுக்கு முன்பே தெரியும். டோரியோ ஏற்கெனவே ஒருமுறை மதுவிலக்குச் சட்டத்தில் சிக்கியவர், மறுமுறை சிக்கினால் சிறை. பணத்தையும் வாங்கிக்கொண்டு, ஆளையும் மாட்டிவிட்டு, பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். சாராயத்துக்காகச் செத்ததைவிட அந்தச் சிரிப்புக்காகச் செத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. மூன்றே மாதத்தில், 1925 ஜனவரியில், ஓபானியனின் ஆட்கள் டோரியோவைச் சுட்டார்கள். பிழைத்து எழுந்தவர் கடையை மொத்தமாகக் கபோனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். கபோனை நாற்காலியில் உட்கார வைத்த குண்டு அதுதான்.

திருச்சபை சடங்கு மறுத்ததால் அர்ச்சிக்கப்படாத மண்ணில்தான் புதைத்தார்கள். சிறுவயதிலிருந்து அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் மட்டும் தாமாக வந்து, குழியருகே ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் சொன்னார். சில மாதம் போனது. வயோலா ஓசைப்படாமல் உடலை எடுத்து இந்தப் புனித மண்ணுக்கு மாற்றிவிட்டார். போலீஸ் கேப்டன் ஜான் ஸ்டீஜ் கொதித்துப்போனார். திருடன், கொலைகாரன், ஆனால் பாருங்கள், ஓர் ஆயருக்கு 80 அடியில் படுத்திருக்கிறான் என்றார். தூணுக்கருகே நின்று மண்டபத்தைப் பார்த்தேன். ஸ்டீஜ் மிகைப்படுத்தவில்லை. கூப்பிடும் தூரம்தான்.

“அந்த அம்மாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையா மாமா?” என்று கேட்டான் அக்கா மகன். பேட்டிகளில் அவர் சொன்னதாக வருவதெல்லாம் ஒரே ரகம்: வீட்டில் இருப்பார், வானொலி கேட்பார், பாடுவார், நல்ல கணவர். மூன்றே முக்கால் வருடத் தாம்பத்தியம். பேராயரை மீறிக் கணவனை இடம் மாற்றிய பெண்ணுக்குச் சொல்ல வேறு எவ்வளவோ இருந்திருக்கும்.

வெள்ளி

மாலை விமானம். காலையில் மிச்சில் தீர்க்க இரண்டு மூன்று இடங்கள்.

மிச்சிகன் அவென்யூவில் ட்ரிப்யூன் கோபுரம். 1925இல் திறந்தது, கோயில் கோபுரம்போல் உச்சியெல்லாம் வேலைப்பாடு. உலகெங்கிலுமிருந்து கொண்டுவந்த கற்களை வெளிச்சுவரில் பதித்திருக்கிறார்கள். தாஜ்மகாலின் துண்டும் ஒன்று இருக்கிறது. எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்காமல் இருப்பது நல்லது. பத்திரிகை 2018இல் காலி செய்துவிட்டது. இப்போது பணக்காரர்களின் அடுக்குமாடி வீடுகள். செய்தி அறை இருந்த தளத்தில் யாரோ காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் ராண்டால்ஃப் தெருச் சந்திப்பு. படியிறங்கினால் புறநகர் ரயிலுக்குப் போகும் சுரங்கப் பாதை. 1930 ஜூன் 9 பட்டப்பகலில், குதிரைப் பந்தயத்துக்கு ரயில் பிடிக்கப் போன ஜேக் லிங்கிளைப் பின்னாலிருந்து தலையில் சுட்டார்கள். ட்ரிப்யூனின் போலீஸ் செய்தியாளர். பத்திரிகை கொதித்தெழுந்தது. கொலையாளியைக் காட்டிக்கொடுத்தால் 25,000 டாலர் என்று அறிவித்தது, செய்திச் சுதந்திரத்தின் தியாகி என்று எழுதியது. சில நாட்களில் கணக்கு வழக்கு வெளியே வந்தது. வாரச் சம்பளம் 65 டாலர், வாழ்ந்ததோ லட்சாதிபதி வாழ்க்கை. இடுப்பில் கபோன் பரிசளித்த வைரம் பதித்த பெல்ட். போலீஸ் கமிஷனர் உற்ற நண்பர். கமிஷனர் பதவி விலகினார். தியாகி பற்றிய தலையங்கங்கள் நின்றுபோயின. விற்பனைப் பிரிவிலிருந்து அடியாளை வெளியே அனுப்பிய நிறுவனத்துக்கு, இருபது வருடத்தில் அவன் ஆசிரியர் பிரிவு வழியாகத் திரும்பி வந்திருக்கிறான்.

சுரங்கப் பாதையில் ஒருவர் சாக்ஸஃபோன் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு டாலர் போட்டேன்.

கடைசியாக வெல்ஸ் தெரு. ஓபானியனின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த ஸ்பார்பாரோ ஈமச்சடங்கு நிலையம் இருந்த தெரு. அங்கே அலங்கரித்துக் கிடத்தியிருந்த பிணங்களில் பல கும்பல்காரர்களுடையவை. அதன் உரிமையாளர் ஜான் ஸ்பார்பாரோவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர் மாவட்டத்தின் உதவி அரசு வழக்கறிஞர். கும்பல் கொலைகளை விசாரித்து வழக்குப் போட வேண்டிய அலுவலகத்தில் பகலில் உத்தியோகம், கொலையானவர்களைக் கிடத்துவதில் சொந்த வருமானம். ஓபானியன் வழக்கு ஏன் நகரவில்லை என்று நுண்படச் சுருளில் மாய்ந்து மாய்ந்து தேடியதற்கு, இந்தத் தெருவுக்கு முதல் நாளே வந்திருக்கலாம். ஸ்பார்பாரோ பின்னாளில் நீதிபதியாகப் பதவி உயர்வு பெற்றார்.